கீழாநெல்லியைச் சோதிக்க அஞ்சுவோர் யார்?

பெரகலச் சந்தியைக் கடந்து செல்லாத ஊவாத் தமிழர் இரார். பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாகக் கொழும்பிலிருந்து ஏறிவரும் வீதி அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை நோக்கி மலையேறுகிறது. மற்றொன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவை நோக்கிச் சரிகிறது. மூடுபனியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாயும் இருப்பாள். வெல்லவாயாவுக்குத் திரும்பும் நெல் விவசாயியும் இருப்பார். பதுளைக் கச்சேரிக்குப் போகும் எழுதுவினைஞரும் இருப்பார். அக்கூட்டத்தினிடையே ஒருவர் பச்சைத் தூள் பொட்டலங்களை விற்றுக்கொண்டு நின்றதை நாம் கண்டோம். பொட்டலத்தோடு ஒரு துண்டுப் பிரசுரமும் தந்தார். ‘மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி! இலண்டன் லான்செட் சஞ்சிகையே ஒப்புக்கொண்டது! நூற்றுக்கு 59 பேரின் இரத்தத்தில் கிருமி மறைந்தது!’ என்று தடித்த எழுத்துகள் முழங்கின. பின்பக்கத்தைத் திருப்பினோம். வெறுமையாக இருந்தது.

அப்பிரசுரத்தில் பொய் இல்லை, அன்பர்களே! பொய்யாயிருந்தால் ஒரு வரியில் மறுத்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்போம். அதில் இருப்பது பாதி உண்மை. மறுபாதி இருக்க வேண்டிய பின்பக்கம் வெற்றுத் தாளாய்க் கிடக்கிறது. அந்த மறுபாதியை எழுதவே இன்று பேனாவை எடுத்தோம்.

முதற் பாதியை முதலில் சொல்லுவோம். அது தமிழர் பெருமைப்பட வேண்டிய கதையே. ஈரலைத் தாக்கும் ‘பி’ வகை வைரசுக் கிருமியைக் கண்டறிந்தமைக்காக 1976இல் நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் பாரூக் புளும்பேர்க், பல நாட்டு மூலிகைகளுள் இக்கிருமியை அடக்கவல்லது எதுவென்று தேடினார். கீழாநெல்லிச் சாறு சோதனைக் குழாயில் கிருமியின் வேலையைத் தடுத்தது. அதே இனக் கிருமியால் பீடிக்கப்படும் ‘வுட்சக்’ என்னும் அமெரிக்க விலங்கிலும் நற்குறி காட்டியது. அம்முடிவுகள் 1987இல் வெளியாயின. அடுத்த கட்டம் மனிதரிடத்தில். அதைச் செய்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்து டாக்டர் எஸ். பி. தியாகராஜன் குழுவினர். கிருமியை இரத்தத்தில் நெடுங்காலம் தாங்கித் திரிவோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கீழாநெல்லித் தூளை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மும்முறை 30 நாள் கொடுத்தனர். மறுபிரிவுக்கு மருந்தில்லாத போலிப்பொடி. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது. போலிப்பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988இல் லான்செட் அதை வெளியிட்டது. வேலியோரத்துச் செடி இலண்டன் சஞ்சிகையில் ஏறிற்று! எமது பாட்டிமார் மோரில் அரைத்துக் கொடுத்த பச்சிலை உலகச் செய்தியாயிற்று.

பிரசுரம் இங்கே நின்றுவிடுகிறது. விஞ்ஞானம் நிற்கவில்லை. ஒருவர் கண்டதை மற்றொருவரும் காண வேண்டும் என்பதே அதன் முதற் சட்டம். 1990இல் தாய்லாந்து மருத்துவர்கள் அதே சோதனையைச் செய்தார்கள், கிருமி மறையவில்லை. 1994இல் பம்பாய் ஆராய்ச்சியாளரும் நியூசிலாந்து ஆராய்ச்சியாளரும் தத்தம் நாட்டு நோயாளரிடத்தில் செய்து பார்த்தனர். தோல்வியையே பதிவு செய்தனர். 2011இல், அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் ஒன்றுதிரட்டி எடைபோட்ட கொக்ரேன் ஆய்வு, போலிமருந்தைக் காட்டிலும் கீழாநெல்லி நன்மை தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடித்தது.

‘தமிழன் மருந்தை வெள்ளையன் தாழ்த்திவிட்டான்’ என்று சிலர் இதற்குள் கொதித்தெழுவார்கள். பம்பாயில் பொய்த்ததற்கு வெள்ளையன் என்ன செய்வான்? கீழாநெல்லியை இலண்டன் புகழ்ந்தபோது அந்தச் சஞ்சிகை சான்றோர் சபை. பின்னர் கைவிட்டபோது அது பகைவர் கூடாரமா? தீர்ப்பு எமக்குச் சார்பாக வந்தால் மட்டுமே நீதிமன்றத்தை ஏற்போம் என்பது வழக்காடுவோர் பேச்சன்று, வம்பளப்போர் பேச்சு.

ஆயினும் நாம் மறைக்க விரும்பாத வேறொன்றும் உண்டு. பிலடெல்பியா கேட்ட கேள்வி ஒன்று. எமது பாட்டி கேட்ட கேள்வி மற்றொன்று. நெடுங்காலம் ஒளிந்திருக்கும் ‘பி’ கிருமியை இரத்தத்திலிருந்து துரத்துமா என்று பாட்டி கேட்கவில்லை. அக்கிருமியின் பெயரையே அவள் அறியாள். கண் மஞ்சளாகி, சோறு வெறுத்து, பாயில் கிடக்கும் பிள்ளைக்கு மஞ்சள் விரைவில் இறங்குமா என்பதே அவள் கேட்டது. ஆகவே, 1990இன் தோல்வியைக் காட்டிக் ‘கீழாநெல்லி செத்தது’ என்று ஆங்கில மருத்துவர் ஆரவாரிப்பதும் அவசரமே. பாட்டியின் கேள்வியைக் கேரள மருத்துவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். 1999இல் வெளியான அச்சோதனையில், திடீர்க் காமாலை கண்டவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்தும் மஞ்சள் நீடித்த நாள்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அது சிறு சோதனை. அதை வைத்து வழக்கை முடிக்கக் கூடாது. அதை மறைத்து வழக்கை நடத்தவும் கூடாது.

‘என் மகனுக்குக் கொடுத்தேன், ஏழாம் நாள் எழுந்து நடந்தான்; உங்கள் சோதனை எதற்கு?’ என்று கேட்கும் தந்தைக்கு என்ன விடை? அவரை நாம் பரிகசிக்க மாட்டோம். அவர் கண்டது மெய். ஆனால், அசுத்த நீரால் பரவும் ‘ஏ’ வகைக் காமாலை பெரும்பாலானோருக்கு மருந்தே இன்றிச் சில வாரங்களில் தானே தணியும். 2007இல் கம்பளையில் பரவியது அவ்வகைதான். தானே தணியும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அது மருந்தாகிவிடும்! கீழாநெல்லி கொடுத்தவன் கீழாநெல்லியைப் போற்றுவான். மந்திரித்துத் தண்ணீர் தெளித்தவன் மந்திரத்தைப் போற்றுவான். ஒன்றுமே கொடாதவன் பிள்ளையும் அதே நாளில் எழுந்து நடந்திருப்பான். அவன் கதையை எவரும் சந்தியில் நின்று சொல்வதில்லை.

இது விவசாயிக்குத் தெரியாத தந்திரமா? புதிய உரம் ஒன்று வந்தால் வெலிமடை உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் என்ன செய்வார்? நாலு பாத்திக்குப் போட்டு, பக்கத்தில் நாலு பாத்தியை விட்டுவைத்து, இரண்டையும் நிறுத்துப் பார்ப்பார். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எல்லாப் பாத்தியும்தான் விளையும். மழையின் புகழை உரம் திருடிக்கொள்ளாமல் காப்பது அந்த விட்டுவைத்த பாத்தியே. மருத்துவச் சோதனையிலும் அதே கணக்குத்தான். யாருக்கு மூலிகை, யாருக்குப் போலிப்பொடி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். கொடுப்பவரும் அறியார், கொள்பவரும் அறியார். கடைசியில்தான் சீட்டுப் பிரிக்கப்படும். விருப்பும் வெறுப்பும் கணக்கில் நுழையாதிருக்கவே இத்தனை கட்டுப்பாடு.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்நிறுவனம் 1925இல் தோன்றியது. அங்கே எந்த உரத்தையும் எந்த நாற்றையும் எவரும் வாய்ச்சொல்லை நம்பி ஏற்பதில்லை. பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் நட்டு, கொழுந்தை நிறுத்து, ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்து, பின்னரே தோட்டங்களுக்குப் பரிந்துரை போகும். நாம் கேட்கிறோம்: தேயிலைச் செடிக்குப் போடும் உரத்தைச் சோதிக்க ஒரு நிலையம், தேயிலை பறிப்பவள் குடிக்கும் மருந்தைச் சோதிக்கப் பெரகலச் சந்தியின் பொட்டல வியாபாரியா? செடிக்கொரு நீதி, சேலை கட்டியவளுக்கொரு நீதியா?

சோதித்தால் மூலிகை தோற்றுவிடும் என்று நடுங்குவோர் இந்த மலைகளின் வரலாற்றையே மறந்தவர்கள். தேயிலைக்கு முன் இங்கே கோப்பி இருந்தது. கோப்பியை இலைநோய் அழித்தபோது துரைமார் நட்டவற்றுள் ஒன்று சிங்கோனா. தென்னமெரிக்கப் பழங்குடிகளின் நாட்டிலிருந்து வந்த அம்மரத்தை இத்தீவில் பயிரிடுவதற்கென்றே 1861இல் ஹக்கலைப் பூங்கா எழுந்தது. அதன் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்ற பேச்சோடு ஆட்சியாளர் நின்றுவிடவில்லை. 1866 முதல் 1868 வரை சென்னை ஆணைக்குழு, பட்டையிலிருந்து பிரித்த நான்கு சத்துகளை 3,600 நோயாளரிடத்தில் ஒப்பிட்டுப் பார்த்தது. விலையுயர்ந்த கொய்னாவுக்கு மற்ற மூன்றும் ஏறத்தாழ நிகரென்றும், நூற்றுக்கு 98 பேருக்கு மேல் காய்ச்சல் நின்றதென்றும் கண்டது. சோதனை அம்மூலிகையைக் கொல்லவில்லை; உலக மருந்தாக்கிற்று. துரைத்தனத்துக்கு எம்மீது கொண்ட அன்பா இதற்குக் காரணம்? இல்லை. தன் சிப்பாய் சாகக்கூடாது, தன் தோட்டத்துக் கூலி படுக்கக்கூடாது என்ற தேவை. அன்னியனுக்குத் தன்னலத்தால் வந்த புத்தி, எமது மக்களின் வாக்கைப் பெற்று ஆள்வோருக்குப் பொதுநலத்தாலும் வரவில்லையே!

அவ்வளவு தூரம் போவானேன்? கொத்தலஹிம்புட்டு இந்நாட்டுக் கொடி. சித்த மருத்துவர் ஏகநாயகம் என்பர். அதன் மரத்தில் கடைந்த கோப்பையில் இரவு நீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது நீரிழிவுக்காரரின் நெடுநாள் வழக்கம். 1997இல் ஜப்பானிய அறிஞர் அதிலிருந்து சலசினோல் என்ற சத்தைப் பிரித்தெடுத்தனர். 2005இல் இலங்கை மருத்துவர்கள் 51 நீரிழிவு நோயாளரிடத்தில் அதன் தேநீரைச் சோதித்து முடிவை வெளியிட்டனர். ஒரு சாராருக்கு முதல் மூன்று மாதம் மூலிகைத் தேநீர், பின் மூன்று மாதம் போலித் தேநீர். மறுசாராருக்கு அதன் மறுதலை. மூலிகைத் தேநீர் குடித்த காலத்தில் இரத்தச் சர்க்கரையின் அளவு சிறிது குறைந்திருந்தது. சிறிதுதான்! ஆயினும் அந்தச் ‘சிறிது’ எமது கண்ணில், ஆயிரம் பிரசுரங்களின் ‘அற்புத’த்தை விட மதிப்புடையது. வேறு மருத்துவர் அதைச் சரிபார்க்கலாம்; தவறென்றால் திருத்தலாம்; சரியென்றால் மேலே செல்லலாம். அற்புதத்தை என்ன செய்வது? கும்பிட்டு விழுவதைத் தவிர வேறு வழியில்லை.

அற்புதங்களின் முடிவையும் இந்நாடு கண்டிருக்கிறது. 2020 டிசம்பரில், கொரோனாவைத் தடுக்கும் பாணியென்று சொல்லித் தேனும் சாதிக்காயும் கலந்த ஒன்றைக் கேகாலையில் கொடுத்தபோது, நோய்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அன்றைய சுகாதார அமைச்சரே அதைப் பலர் காணக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியாயிற்று. பாணி கொடுத்தவரை விட்டுத்தள்ளுவோம். சோதிக்கக் கடமைப்பட்ட அமைச்சே சோதனைக்கு முன் குவளையை ஏந்தியதே, அதைத்தான் நாம் மறக்க மாட்டோம்.

‘மூலிகைதானே, பலிக்காவிட்டால் போகிறது, கேடு செய்யாதே’ என்பார் உளர். இவர்களுக்கு இரண்டு விடை.

ஒன்று: மூலிகையும் கொல்லும். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் மெலியச் சீன மூலிகை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் பழுதடைந்து வீழ்ந்தனர். அம்மூலிகையில் இருந்த நஞ்சு, எமது ஈசுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் சேர்ந்த குடும்பத்துக்கு உரியது.

மற்றொன்று இதனினும் கொடியது. மூலிகை கொல்லாவிட்டாலும் காத்திருப்பு கொல்லும். மஞ்சள் என்பது நோயன்று, நோயின் கொடி. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது யாரென்று பார்க்க வேண்டும். புத்தளையிலும் வெல்லவாயாவிலும் சேற்றில் இறங்கிய விவசாயிக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்துக் கண் மஞ்சளித்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 2008இல் இந்நாட்டில் 7,000க்கு மேற்பட்டோர் அந்நோய் ஐயத்துக்கு உள்ளாயினர். தொடக்கத்திலேயே உரிய நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் பிழைக்கக்கூடியவன், ‘மூன்று நாள் கீழாநெல்லி குடித்துப் பார்ப்போம்’ என்று வீட்டில் கிடந்தால் சிறுநீரகம் நின்று போகிறான். பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் மஞ்சள். குடியால் ஈரல் கெட்டாலும் மஞ்சள். எல்லா மஞ்சளுக்கும் ஒரே பொட்டலம் விற்பவர் அந்த மூன்று நாளுக்குப் பொறுப்பேற்பாரா?

இந்தக் குற்றத்தில் ஆங்கில மருத்துவருக்கும் பங்குண்டு. ‘கீழாநெல்லி குடித்தேன், ஐயா’ என்று உண்மை சொன்ன தோட்டத்துப் பெண்ணை வார்டு முழுவதும் கேட்க ஏசுவோர் இன்றும் இருக்கிறார்கள். மறுமுறை அவள் சொல்ல மாட்டாள், மறைத்துக் குடிப்பாள். அதுவும் அவளுக்கு விளங்காத மொழியில் ஏச்சு! எதை, எத்தனை நாள், எந்த அளவில் உண்டாய் என்று அவளுடைய தமிழில் கேட்டு எழுதிவைத்திருந்தால், ஊவாவின் மருத்துவமனைகளில் இதற்குள் ஒரு பெரும் ஆராய்ச்சிக் களஞ்சியமே சேர்ந்திருக்கும். ஏளனம் செய்வது எளிது, எழுதிவைப்பது கடினம்.

வசதியில்லை என்று அரசு சொல்ல முடியாது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதத்தோடு சித்தத்தையும் யுனானியையும் ஒரு குடைக்கீழ் கொணர்ந்தது. 1962இல் நாவின்னையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. இவையெல்லாம் தொலைவிலென்றால், பெரகலச் சந்தியிலிருந்து கீழே இறங்கினால் வரும் ஹல்துமுல்லையிலேயே ஆயுர்வேதத் திணைக்களத்தின் மூலிகைத் தோட்டம் இருக்கிறது. செடி கீழே, நோயாளி மேலே, மருத்துவமனைகள் தியத்தலாவையிலும் பதுளையிலும். இம்மூன்றையும் இணைக்கும் ஒரு கடிதத்தை எழுத இத்தனை ஆண்டாக ஓர் அதிகாரிக்குக் கை வரவில்லை!

ஹல்துமுல்லையைச் சொன்னதில் காரணம் உண்டு. சென்னையில் பலித்தது பிற நாட்டில் பொய்த்தமைக்குச் செடி வேறு, மண் வேறு, பறித்த பருவம் வேறு என்று வாதிப்போர் உளர். அவ்வாதத்தை நாம் தள்ளவில்லை. கீழாநெல்லிக்கு நெருங்கிய உறவுச் செடிகள் பல. கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இங்கே சிங்களச் சகோதரர் பிட்டவக்கா என்று அழைக்கும் பெயரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் வழங்குகின்றன. சந்தியில் விற்கும் தூளில் இருப்பது எதுவென்று விற்பவரே அறியார். அறியாததை எந்த அளவில் கொடுப்பார்? ஆகவே, இன்ன செடியென்று தாவரவியலார் சான்று தந்ததை ஒரே தோட்டத்தில் வளர்த்து, ஒரே பருவத்தில் பறித்து, ஒரே அளவில் தூளாக்கி, பதுளையிலும் தியத்தலாவையிலும் சேரும் திடீர்க் காமாலை நோயாளரிடத்தில், உரிய சிகிச்சை எதையும் நிறுத்தாமல், சீட்டுக் குலுக்கிச் சோதிக்க வேண்டும் என்பது எமது கோரிக்கை. முடிவு நல்லதோ கெட்டதோ, மூன்று மொழியிலும் அச்சிட வேண்டும்.

அந்தச் சோதனையில் ஒரு நிபந்தனையை நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். தோட்டத்து மக்கள் எவருடைய ஆய்வுக்கூட எலிகளும் அல்லர். கங்காணி சொன்னான், துரை சொன்னார், சங்கத் தலைவர் சொன்னார் என்பதற்காக ஒருத்தி கைநாட்டு வைத்தால் அது சம்மதமாகாது. என்ன கொடுக்கிறார்கள், போலிப்பொடியும் கிடைக்கலாம், விரும்பாவிட்டால் எந்நாளிலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான மருத்துவம் குறையாது — இவ்வளவும் அவளுக்கு விளங்கும் தமிழில், அவளிடமே சொல்லப்பட வேண்டும். முடிவு வந்தபின் அதையும் அவளிடம் வந்து சொல்ல வேண்டும். ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர் பறந்துவிட, உடலைத் தந்தவள் ஒன்றும் அறியாது லயத்தில் கிடக்கும் ஆராய்ச்சி எமக்கு வேண்டா. சோதனை வென்று நாளை மருந்தாகுமாயின், இலாபத்தில் இம்மலைக்கு என்ன பங்கு என்பதையும் முன்னரே எழுத்தில் வைக்க வேண்டும்.

இடைக்காலத்தில் வாசகர்களுக்கு எமது வேண்டுகோள் இது. கண் மஞ்சளித்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கீழாநெல்லி குடித்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவர் ஏசினால் எமக்கு எழுதுங்கள். ‘பி’ வகைக் காமாலைக்குத் தடுப்பூசி 2003 முதல் இந்நாட்டுக் குழந்தைகளின் அட்டவணையில் இருக்கிறது, தவறவிடாதீர்கள். ‘ஏ’ வகைக்கோ, தோட்டத்துப் பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும், லயத்துக்கு ஒழுங்கான மலகூடம் கேட்டுப் போராடுவதும் எந்த மூலிகைக்கும் முந்திய மருந்து.

பொட்டல வியாபாரியிடமும் நாம் பேசினோம். 1988ஐ அச்சிட்டீரே, 1990, 1994, 1999, 2011 எங்கே என்று கேட்டோம். அச்சுக்கூலி கட்டாது என்றார். பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது, அச்சுக்கூலியை நாம் தருகிறோம் என்றோம். அதற்குள் வெல்லவாயா பஸ் வந்துவிட்டது. மூன்று பொட்டலம் விற்றுவிட்டு, அதே பிரசுரத்தை நீட்டிக்கொண்டு அவர் அடுத்த பஸ்ஸை நோக்கி நடந்தார்.